பதினொன்று, வெளியே போ

கல்லூரி அணியில் நான் கூடைப்பந்து ஆடிய எட்டு மாதமும் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஜெர்சியில் பதினொன்று என்று எழுதியிருந்தது. அதனால் நான் பதினொன்று. அந்த ஜெர்சி எனக்கு முன்னால் வேறொருத்தி போட்டது. அதன் அக்குளில் அவள் பவுடர் வாசனை இருந்தது. மூன்று தடவை சோப்பு போட்டும் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் வீடு நீலசந்திராவில், கன்னட ஊருக்குள் தமிழர்கள் நிறைந்த ஏரியா. ஓர் அறை, அதற்குள்ளேயே சமையல். அப்பா ஓர் அரசுத் தொழிற்சாலையில் தோட்ட வேலை. வேலை தொழிற்சாலைக்குள்தான், ஆனால் அவர் தொழிற்சாலைக்காரர் இல்லை, கான்டிராக்ட். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. நான் பி.காம் முதல் வருடம். கூடைப்பந்தைக் கையால் தொட்டதுகூட இல்லை. எங்கள் ஏரியா கார்ப்பரேஷன் மைதானத்தில் த்ரோபால் ஆடுவேன், அவ்வளவுதான்.

பஸ் பாஸுக்கு முத்திரை வாங்க கல்லூரி ஆபீஸ் ஜன்னலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ தோளில் விசிலால் தட்டினார்கள். உடற்பயிற்சி மேடம். ஐம்பது வயதிருக்கும். காட்டன் புடவை, காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ.

"ஹைட் எவ்ளோ?"

"தெரியாது மேடம்."

"கைய தூக்கு."

தூக்கினேன். ஜன்னலுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தில் விரல் இடித்தது.

"நாளைக்குக் காலைல ஆறு மணி. நீ லெவன்."

"எனக்கு த்ரோபால்தான் தெரியும் மேடம்."

"யாரு கேட்டாங்க?"

மறுநாள் ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே மைதானத்துக்குப் போய்விட்டேன். மேடம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது ஏழு நிமிடம் முன்னால் ஓடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"லேட். இது மூணாவது தடவ."

"இன்னைக்குத்தான் மேடம் ஃபர்ஸ்ட் டே."

"லெவன் மூணாவது தடவ லேட்," என்றார். "பத்து ரவுண்டு."

ஓடினேன். ஆறாவது சுற்றில் நான்காம் நம்பர் என் கூடவே ஓடி வந்தாள். அவள்தான் கேப்டன். பிரேசர் டவுன் பெண், வீட்டில் தமிழ், சர்ச்சில் இங்கிலீஷ். அவள் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. மேடத்துக்கு ஆள் ஞாபகம் இருக்காது, எண் மட்டும் ஞாபகம் இருக்கும். முதல் பதினொன்று இரண்டு நாள் லேட்டாக வந்திருந்தாள். மூன்றாவது நாள் நான்.

"அவ என்ன ஆனா?"

"அவுட். கூடைல போட்டுட்டு சிரிச்சா."

"சிரிச்சதுக்கா?"

"பல்லு தெரிஞ்சுதுடி."

அன்று சாயங்காலமே ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்கு என்ன தலையெழுத்தா? வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், பாதி உருண்டையோடு நிறுத்தினார்.

"கூடைப்பந்துன்னா கூடைல பந்து போடுறதுதான? எங்க கம்பெனி போர்டுல ஒட்டிருக்கான்டி. லேடீஸ் டீமுக்கு ஆள் எடுக்கறானாம், வருஷா வருஷம். யூனிவர்சிட்டில ஃபர்ஸ்ட் செகண்ட் வந்த சர்டிஃபிகேட் இருந்தா இன்டர்வியூவாம். பர்மனென்ட் வேல."

"எனக்கு ஆடவே தெரியாதுப்பா."

"குப்பையக்கூட நீ தூர நின்னுதான போடுற. அதுல தப்புனது இல்ல."

அவர் பதினான்கு வருடமாக அந்தத் தொழிற்சாலைக்குள் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுகிறவர். சாப்பாட்டு மணி அடித்தால் எல்லாரும் கேன்டீனுக்குள் போவார்கள். இவர் வெளியே குழாயடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். நான் ஜெர்சியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு அந்தச் சர்டிஃபிகேட் வேண்டும். அதற்காக எதையும் பொறுத்துக்கொள்வது என்று இருந்தேன். எதையும் என்றால் என்னவென்று அப்போது தெரியாது.

கல்லூரி பத்து ஜெர்சிதான் வாங்கியிருந்தது. நான்கிலிருந்து பதின்மூன்று வரை. மேடம் ஒருத்தியை வெளியே அனுப்பினால் அவள் ஜெர்சியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மறுநாள் அது இன்னொருத்தி உடம்பில் இருக்கும். ஒருத்தி அக்கா கல்யாணத்துக்கு வைத்த மருதாணியோடு வந்தாள். பந்தில் கலர் ஒட்டும் என்று அவுட். ஒருத்தி ஃப்ரீ த்ரோ போடும் நேரத்தில் தும்மினாள். இன்னொருத்தி தப்பு செய்துவிட்டு "சாரி மேடம்" என்றாள். "சாரி சொல்றவ திரும்பவும் செய்வா, ஹோகு, போ" என்று அவளையும் துரத்தினார். ஆறாம் நம்பர்தான் மோசம். அந்த வருடம் மட்டும் ஐந்து ஆறுகள். மூன்றாவது ஆறுக்கும் நான்காவது ஆறுக்கும் நடுவில் ஜெர்சி காயக்கூட நேரமில்லை, ஈரத்தோடு போட்டுக்கொண்டு வந்தாள்.

போனவர்கள் வீட்டுக்குப் போனார்களா என்றால் அதுவும் இல்லை. மைதானத்தின் ஓரத்தில் சிமென்ட் படிகள் உண்டு. அங்கே வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். எதிரே இருந்த பேக்கரியில் காராபன் வாங்கிக்கொண்டு வந்து, தின்றபடி எங்களைப் பார்ப்பார்கள். உள்ளே நாங்கள் தண்ணீர் குடிக்கக்கூடாது. ப்ராக்டிஸ் முடியும் வரை ஒரு சொட்டுகூடக் கிடையாது, மேடத்தின் சட்டம். வெளியே அவர்கள் சோடா குடிப்பார்கள்.

"யேய் புது எட்டு! இடது பக்கம் போகாத. அந்த இடத்துலதான் என்ன அவுட் பண்ணுச்சு."

"அந்த ஆறு எத்தன நாள் தாங்கும்? நான் வெள்ளிக்கிழமன்னு சொல்றேன்."

"செவ்வாய்க்கிழமடி. மூஞ்சப் பாரு, தும்மற மூஞ்சி."

நாளாக ஆக உள்ளே இருந்த அணியைவிட வெளியே இருந்த அணி பெரிதாகிவிட்டது. ஒருநாள் பயிற்சி ஆட்டத்துக்கு வர வேண்டிய வேறு கல்லூரி வரவில்லை. மேடம் படிக்கட்டைப் பார்க்காமல், காற்றிடம் பேசுகிற மாதிரி, "யாராவது இருந்தா வரலாம்" என்றார். அவர்கள் பன்னைக் கீழே வைத்துவிட்டு, சல்வாரை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். எங்களைப் பிழிந்து காயப்போட்டுவிட்டார்கள். நாங்கள் பயந்து பயந்து பந்தைத் தட்டினோம், அவர்கள் சிரித்துச் சிரித்துக் கூடையில் போட்டார்கள். முடிந்ததும் மேடம் எங்களில் இரண்டு பேரை வெளியே அனுப்பினார். ஜெயித்தவர்களில் ஒருத்தியையும் உள்ளே சேர்க்கவில்லை. ஒருமுறை அவுட் என்றால் அவுட். அவர்களிடம் பேசக்கூட மாட்டார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாள் ஒருநாளும் லீவு போட்டதில்லை. மழையில் நனைந்துகொண்டு என் கையைப் பிடித்து மணிக்கட்டை மடக்கிக் காட்டுவார். நான் நூறு தடவை போட்டால் நூறு தடவையும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய்ப் பந்தை எடுத்துத் தருவார். மூன்று மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற அளவுக்கு எனக்குக் கை வந்தது. அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முதல் லீக் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"லெவனுக்கு முடி ஷார்ட். வெட்டிட்டு வா."

என் பின்னல் இடுப்பு வரைக்கும் இருந்தது. கேப்டனுக்கும் பின்னல், எட்டுக்கும் பின்னல். எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டால் அவுட். சிவாஜி நகரில் ஒரு பார்லருக்குப் போய் வெட்டிக்கொண்டேன். அம்மா கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்று கேட்டாள். பிறகு ஒரு வாரம் பேசவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "திருப்பதி வேண்டுதலா? மொட்டையில்ல அடிக்கணும், இது என்ன பாதி?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஆட்டத்தன்று விளங்கியது. மேசையில் உட்கார்ந்திருந்த பல்கலைக்கழக ஆள் ஒரு ஃபாரத்தை விரித்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் எங்களில் ஒருத்தி "எஸ் சார்" என்றாள். ஒன்றுகூட அவரவர் பெயர் இல்லை, கேப்டன் பெயரைத் தவிர. பதினொன்று என்று ஒரு கூர்க் பெயரைப் படித்தார். கேப்டன் என் விலாவில் இடித்தாள்.

"எஸ் சார்," என்றேன்.

ஃபாரத்தில் ஒட்டியிருந்த போட்டோவை எட்டிப் பார்த்தேன். சிவந்த முகம், காது வரைக்கும் முடி. என்னையும் அதையும் அந்த ஆள் மாறி மாறிப் பார்த்தார். முடியைப் பார்த்துச் சமாதானமாகிவிட்டார்.

ஃபாரம் வருட ஆரம்பத்திலேயே போய்விடும், அப்புறம் புதுப் பெயர் சேர்க்க முடியாது என்று கேப்டன் விளக்கினாள். அதனால் யார் ஜெர்சியோ அவர் பெயர்.

"அப்ப சர்டிஃபிகேட்?"

"ஃபாரம்ல இருக்கற பேருதான் வரும்."

முடி போச்சு, அம்மா பேச்சு போச்சு, தினமும் காலைத் தூக்கம் போச்சு. எல்லாம் எவளோ ஒரு கூர்க்காரிக்கு. அன்றைக்கு வந்த கோபத்தில் நான்தான் அதிகம் கூடை போட்டேன். மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் அந்தக் கூர்க் பெண் பிரமாதமாக ஆடினாள் என்று வந்தது.

ஒரே ஒரு வழி இருந்தது. ஃபாரத்தில் இருக்கிறவள் 'நான் விலகிக்கொள்கிறேன், எனக்குப் பதில் இன்னார்' என்று கைப்பட எழுதிக் கொடுத்தால் பெயரை மாற்றுவார்கள். ஃபைனல் தொடங்குகிற வரை கொடுக்கலாம். மேடம் இதை ஏன் செய்யவில்லை? செய்தால் துரத்தினவளிடம் போய்க் கேட்க வேண்டுமே.

நான் போய்க் கேட்டேன். பழைய பதினொன்று, அந்தக் கூர்க்காரி, படிக்கட்டில் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசுவாள், எனக்காகக் கொஞ்சம் தமிழ் சேர்த்தாள்.

"சைன் போட்றேன். ஆனா ஒன் கண்டிஷன். மேடம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். ஒரே ஒரு தடவ, எல்லார் முன்னாடி."

"அவங்களுக்கு உன் பேர் தெரியாதே."

"ஃபாரம்ல இருக்கு இல்ல? படிக்கட்டும். ரெண்டு மாசம் ஆடினேன். சிரிச்சேன்னு அனுப்பினாங்க. யாரை அனுப்பினாங்கன்னு தெரிய வேண்டாமா?"

அவள் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேடத்திடம் நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "நோ லீவ்" என்று கிழித்துப் போட்டார். அடுத்த நாள் நேராகவே கேட்டேன். பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்தப் பொண்ணு பேரை ஒரு தடவ சொல்லிருங்க மேடம். எனக்கு சர்டிஃபிகேட் வேணும். வேலை விஷயம்."

அவர் நிமிரவில்லை. "பேர் தெரிஞ்சா திட்ட வராது லெவன். நம்பர்னா திட்டலாம். எனக்குப் பேரெல்லாம் சொல்லாத."

"என் பேராவது தெரியுமா மேடம்?"

"அஞ்சு ரவுண்டு."

எப்படியோ ஃபைனலுக்கு வந்துவிட்டோம். மற்ற கல்லூரிகளெல்லாம் எங்களைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். அன்று நாங்கள் ஆறு பேர்தான் மிச்சம். வழக்கமான டவுன் பஸ்ஸில் போனோம். சிவாஜி நகருக்கு முன்னால் நெரிசலில் பஸ் நின்றது. ஐந்தாவது ஆறு, பாவம், காலையில் சாப்பிடாமல் வந்தவள், மெதுவாக டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சை சாதம். மூடியைத் திறந்ததுமே பஸ் முழுக்க மணத்தது.

முன் சீட்டிலிருந்து மேடம் திரும்பவேயில்லை. "சிக்ஸ். மேட்ச்சுக்கு முன்னாடி சோறா? கால் ஓடாது, வயிறுதான் ஓடும். இறங்கு."

"இங்கயா மேடம்?"

"ஜெர்சி."

அவள் ஸ்வெட்டருக்குள்ளேயே ஜெர்சியைக் கழற்றி, தலை வழியாக இழுத்துக் கொடுத்துவிட்டு, டிபன் பாக்ஸோடு இறங்கிப் போனாள். கண்டக்டர் ஒன்றும் புரியாமல் விசில் ஊதினார். மேடம் அந்த விசிலுக்கு எழுந்து நின்றுவிட்டார். ஒன்பதாம் நம்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் ஒன்பதும் இறங்கியது.

மைதானத்தில் நான்கு பேராக நின்றோம்.

மேசை ஆள் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "அஞ்சு பேர் இல்லாம ஸ்டார்ட் பண்ண முடியாது மேடம். அஞ்சு நிமிஷம் தர்றேன். இல்லன்னா டிஸ்குவாலிஃபை. செகண்ட் ப்ளேஸும் கிடையாது."

வெளியே போனவர்கள் கூட்டமாக வந்து அந்த மைதானத்துப் படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள், பன்னோடு. எல்லார் காலிலும் செருப்பு. ஒருத்தி மட்டும் ஷூ போட்டிருந்தாள். பழைய பதினொன்று. கையில் ஒரு கவர் வைத்திருந்தாள். எனக்குத் தெரியும், எழுதியே கொண்டுவந்திருக்கிறாள், கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மேடம் அவள் பக்கம் நடந்தார்.

"லெவன்," என்றார்.

"எஸ் மேடம்," என்றேன் நான். "எஸ் மேடம்," என்றாள் அவளும். எங்கள் வாய் பழகிப்போயிருந்தது.

"நீ இல்ல. நீ."

அவள் உட்கார்ந்தபடியே பன்னைக் கடித்தாள். மேசை ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மேடத்தின் காதுக்குப் பக்கத்தில் போய் அந்தப் பெயரைச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். மேடத்தின் வாய் திறந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பெயர் வரவில்லை.

"ப்ளீஸ்," என்றார்.

படிக்கட்டில் ஒருத்திக்குப் பன் தொண்டையில் சிக்கி இருமல் வந்தது. அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வரும் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. கூர்க்காரி எழுந்துவிட்டாள். பெயரைவிட அது பெரிதென்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விலகினவளை வேறு எந்த ஜெர்சியிலும் ஆட விட மாட்டார்கள். அவள் ஆடினால் அவள் விலகவில்லை. விலகவில்லை என்றால் கடிதம் இல்லை. கடிதம் இல்லை என்றால் என் பெயர் இல்லை. அவள் ஆடாவிட்டால் ஃபைனலே இல்லை, யாருக்கும் எதுவும் இல்லை. அவளுக்கும் அதே நேரத்தில் உறைத்தது. கையில் இருந்த கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டீமுக்கு அஞ்சு வேணும்," என்றாள் கேப்டன், என்னைப் பார்க்காமல்.

நான் பதினொன்றைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். எலுமிச்சை சாத வாசனையோடு இருந்த ஆறைப் போட்டுக்கொண்டேன்.

மேசை ஆள் ஃபாரத்தை எடுத்தார். அந்த வருடம் முழுக்க எந்தப் பெண்ணையும் நிறுத்தாதவர், கூர்க்காரியை நிறுத்தினார். போட்டோவையும் அவளையும் அரை நிமிடம் பார்த்தார்.

"இது நெஜமாவே நீதானா?" என்று கேட்டார். அவ்வளவு ஒத்துப்போனதில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு நான். ஆறாம் நம்பர் போட்டோவில் ரெட்டைச் சடை, ரிப்பன்.

"முடி எங்கம்மா?"

"டைஃபாய்டு சார்," என்றாள் கேப்டன்.

"ஐயோ பாவம், ஆடு ஆடு," என்றார்.

ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் மேடம் கத்தினார். "லெவன்! நேத்துதான சொன்னேன், மணிக்கட்டு மணிக்கட்டுன்னு!" நேற்று அவர் சொன்னது என்னிடம். கூர்க்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். அடுத்த பந்தை எடுத்தாள், கூடையில் போட்டாள், மேடத்தைப் பார்த்துப் பல் முழுக்கத் தெரியச் சிரித்தாள்.

மேடம் கையை நீட்டி, "அவு..." என்று ஆரம்பித்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. எங்களை எண்ணினார். ஐந்து. வெளியே அனுப்ப ஆள் இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் எட்டாம் நம்பர் சிரித்தாள். கேப்டன் சிரித்தாள். நான் தும்மினேன், வராத தும்மலை வரவழைத்துத் தும்மினேன். ஒருத்தி, "சாரி மேடம், சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். இடைவேளையில் எல்லாரும் படிக்கட்டுக்குப் போய் சோடா வாங்கிக் குடித்தோம். மேடம் தன் கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். தோற்றோம். நன்றாகவே தோற்றோம். கடைசியில் ஃபவுல் ஆகி ஃபவுல் ஆகி மூன்று பேர்தான் நின்றோம். இரண்டாம் இடம்.

சர்டிஃபிகேட் வந்தது. பத்துப் பெயர், பத்துச் சர்டிஃபிகேட். மருதாணிக்காரிக்கு வந்தது, தும்மினவளுக்கு வந்தது. ஃபைனலில் ஆடியவர்களில் தன் பெயரில் வாங்கியது கேப்டனும் கூர்க்காரியும் மட்டும். ஆறாம் நம்பர் சர்டிஃபிகேட் முதல் ஆறுக்கு. அவள் கல்யாணமாகி ஓசூருக்குப் போயே மாதக்கணக்காகிவிட்டது, ஃபைனல் நடந்ததே அவளுக்குத் தெரியாது. எனக்கு ஒன்றும் இல்லை. முடிகூட இன்னும் தோளுக்கு வரவில்லை.

மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். "எனக்கு ஒரு லெட்டர் வேணும் மேடம். நான் ஆடினேன்னு எழுதிக் குடுங்க." கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கல்லூரித் தாளை எடுத்து உடனே எழுதினார். 'நான் பயிற்சி கொடுத்தவர்களில் சிறந்த பதினொன்றாம் நம்பர் இவர். கடின உழைப்பாளி. தேவையில்லாமல் சிரிக்க மாட்டார்.' கையெழுத்து போட்டார், சீல் குத்தினார். பெயர் வர வேண்டிய இடத்தில் புள்ளிப் புள்ளியாகக் கோடு.

"பேர நீயே எழுதிக்கோ."

அங்கேயே நின்றேன். கேட்பார் என்று நின்றேன். ஒரு தடவை, என்ன பெயர் என்று.

"என்ன? லெட்டர் குடுத்தாச்சு இல்ல? லெவன், வெளிய போ."

போனேன். அப்போது ஒரு முட்டாள்தனம் செய்தேன். பெயரை எழுதுவதற்கு முன்னால் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன், ஒரிஜினல் தொலைந்தால் என்ன செய்வது என்று. அங்கே மூன்றாவது ஆறு நின்றிருந்தாள். "எனக்கும் ஒண்ணு எடுடி" என்றாள். பெயரில்லாத கடிதம்தானே என்று எடுத்துக் கொடுத்தேன். அது படிக்கட்டுக்குப் போய்விடும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

தொழிற்சாலை இன்டர்வியூவில் அதிகாரி நான்கு கடிதங்களை மேசையில் வரிசையாக வைத்தார். ஒரே கையெழுத்து, ஒரே சீல், நான்கு பெயர்.

"நாலு பேரும் பெஸ்ட் லெவனா? ஒரு காலேஜ்ல எத்தன லெவன்மா?"

மூன்றாவது ஆறு மேலே ஃபேனைப் பார்த்தாள். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். ஐந்தாவதாக, சர்டிஃபிகேட்டோடு வந்திருந்தது கூர்க்காரி மட்டும். அவளுக்கு வேலை தேவையில்லை, வீட்டில் காப்பித் தோட்டம். ஏன் வந்தாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

"இவங்கதான் கரெக்ட் பேப்பர்," என்றார் அதிகாரி. "நீதான லெவன்?"

"ஃபைனல் மட்டும் சார். பாக்கி எல்லா மேட்ச்சும் இவ ஆடினது. என் பேர்ல." என்னைக் காட்டினாள். அவர் பேனாவையே கேட்டு வாங்கினாள். தன் சர்டிஃபிகேட்டைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் அதையே எழுதி, என் பெயரை முழுதாக, இனிஷியலோடு எழுதி, கையெழுத்து போட்டாள். ஃபைனலன்று கவரிலேயே தங்கிவிட்ட கடிதத்துக்குப் பதில் இது.

"இதெல்லாம் செல்லாதும்மா," என்றார் அதிகாரி. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார், "நம்ம டீம்ல இப்ப எத்தன பேர்?"

"நாலு சார். அடுத்த வாரம் மேட்ச்."

பின்னாலிருந்த கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பத்துப் பந்து கொடுத்தார்கள். பத்தும் உள்ளே போயின. ரோஜாச் செடி பக்கத்தில் அப்பா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். ஒரே செடிக்கு அவ்வளவு நேரம் தண்ணீர் விட்டு அதை அழுக வைத்திருப்பார்.

வேலை கிடைத்தது, முதலில் தற்காலிகம், இரண்டு வருடம் கழித்து நிரந்தரம். தொழிற்சாலை டீமின் கோச் தங்கமான மனிதர். எங்கள் எல்லாருடைய பெயரும், எங்கள் அம்மாக்கள் பெயரும்கூட அவருக்குத் தெரியும். "மெதுவா ஆடுங்கம்மா, மூச்சு வாங்குது பாரு, போய்த் தண்ணி குடிங்க" என்பார். ஏழு வருடம் அதே ஐந்து பேர் ஆடினோம். ஒருத்தியும் போகவில்லை, ஒருத்தியையும் அனுப்பவில்லை. ஒரு கோப்பைகூட வாங்கவில்லை. தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தோம்.